நெய்வேலி மண்ணுக்குத் தர்மகர்த்தா யார்?

கடலூர் ஜில்லாவிலே, பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய இரண்டு ஊர்களில், இரண்டு பெரிய நெருப்புகள் மூட்டப்பட்டன. ஒன்று வடலூரில் மூட்டியது. 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமசாலையை ஆரம்பித்து, பசித்தவர்களுக்குச் சோறு வடிப்பதற்காக ஏற்றிய அடுப்பு அது. இன்றைக்கும் அது அணையவில்லை. மற்றொன்று நெய்வேலியில் மூட்டியது. 1962-ஆம் வருஷம் அங்கே அனல் மின் நிலையத்தின் முதல் கொதிகலனில் பழுப்பு நிலக்கரி எரிந்தது. அந்த நெருப்பிலிருந்து பிறந்த மின்சாரம் தமிழ்நாட்டின் ஆலைகளையும் கிணற்று மோட்டார்களையும் வீட்டு விளக்குகளையும் இயக்கியது. ஒரு நெருப்பு பசியைத் தீர்க்க. மற்றொரு நெருப்பு இருளைத் தீர்க்க.

இந்த இரண்டு நெருப்புகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் கிராமத்தார் விட்டுக்கொடுத்த மண்ணின் மீது எரிந்தவை. வடலூரில் பார்வதிபுரம் கிராமத்து ஜனங்கள் ஏறக்குறைய 80 காணி நிலத்தைச் சுவாமிகளிடம் மனமுவந்து ஒப்படைத்தார்கள். நெய்வேலியில் சிலர் மனமுவந்து கொடுத்தார்கள்; பலர் சர்க்கார் கேட்டதனால் கொடுத்தார்கள். கொடுத்த விதம் வேறாக இருக்கலாம். ஆனால் கொடுத்தவர்கள் இருவருமே, "இந்த மண் இனி நம் ஒரு குடும்பத்துக்கு உரியது அல்ல, பொதுக் காரியத்துக்கு உரியது" என்று நம்பித்தான் கையெழுத்தோ கைநாட்டோ இட்டார்கள்.

அப்படியானால் அந்தப் பொது மண்ணை இப்போது யார் காப்பது? அதிலே எவ்வளவு காடாக இருக்க வேண்டும், எவ்வளவு கழனியாக இருக்க வேண்டும், எவ்வளவு வீடாக வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? இந்த விஷயத்தைத்தான் நேயர்களுடன் இவ்வாரம் சற்று ஆற அமர யோசிக்க விரும்புகிறோம்.

கறுப்பு நீர் வந்த கிணறு

நெய்வேலியின் கதை ஒரு கிணற்றில் ஆரம்பமாகிறது. 1930-களின் நடுவிலே, அன்றைய தென் ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த இந்தப் பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டார். தண்ணீரோடு கறுப்பான ஒரு பொருளும் மேலே வந்தது. முந்திரியும் பலாவும் மணிலாக் கொட்டையும் விளைகிற செம்மண்ணில் இதென்ன கறுப்பு என்று மற்றவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். முதலியாரோ அதை இலேசில் விடவில்லை. சர்க்காருக்கு எழுதினார், நிபுணர்களை அழைத்தார். 1940-களில் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவினர் துளைகள் இட்டுப் பார்த்துப் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பதை உறுதி செய்தார்கள். முதலியார் 600 ஏக்கருக்கும் மேலான தம் சொந்த நிலத்தை இந்தக் காரியத்துக்குக் கொடுத்தார் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். நெய்வேலியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

சுதந்திரம் வந்தபின் காரியம் வேகம் பெற்றது. காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக இருந்தபோது இதற்காகப் பெரிதும் பாடுபட்டார். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. ஸோவியத் ரஷ்யாவின் உதவியுடன் அனல் மின் நிலையம் எழுந்தது. அந்த முதல் நிலையம் தன் ஆயுளை முடித்துக்கொண்டு 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பின் வந்தவை வேலை செய்துகொண்டிருக்கின்றன. கார்ப்பொரேஷனும் 2016-இல் தன் பெயரை என்.எல்.சி. இந்தியா என்று மாற்றிக்கொண்டது.

இதெல்லாம் சாதாரணச் சாதனை அல்ல. கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் தண்ணீர் நிற்கிறது. மேல்மண்ணை அகற்றினால் அந்தத் தண்ணீர் படுகையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். ஆகையால் இரவு பகலாகப் பம்புகள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இதைச் சாதிக்க முடியாது என்று கைவிரித்தவர்கள் உண்டு. நம் இஞ்சினீயர்களும் தொழிலாளிகளும் சாதித்துக் காட்டினார்கள். தேசத்தின் கௌரவத்தில் நெய்வேலிக்கு ஒரு பங்கு உண்டு என்பதில் நமக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

நெய்வேலி நகரியத்துக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது வியப்பு. அகலமான நேர்வீதிகள், இரு புறமும் குடை விரித்த மரங்கள், ஊர் முழுவதும் வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் தோட்டத்தோடு கூடிய வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம். சித்திரை வெயிலில்கூட நிழலிலேயே நடந்து போகலாம். வீடும் மரமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல, முன்யோசனையோடு அமைத்தால் இரண்டும் சேர்ந்தே வளரும் என்பதற்கு இந்த நகரியமே சாட்சி.

நகரியத்தைத் தாண்டிச் சுரங்கத்தின் விளிம்புக்குப் போனால் வேறு காட்சி. ஒரு டன் கரி எடுப்பதற்கு ஐந்து கன மீட்டருக்கும் மேலான மேல்மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும். சக்கரம் சக்கரமாய்ச் சுழலும் பிரம்மாண்டமான யந்திரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அப்படி எடுத்த மண் குன்றுகளாகக் குவிகிறது. பின்னர் கரி எடுத்த பள்ளங்களில் நிரப்பப்படுகிறது. நிரப்பிய இடங்களில் மரம் நடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் துணையோடு பயிரும் செய்து பார்த்திருக்கிறார்கள். செத்த மண்ணுக்கு உயிர் கொடுக்கிற அந்த வேலையைக் குறைத்துப் பேச நமக்கு மனம் வராது.

மூன்றாவது காட்சி ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத காட்சி. நாம் பாடம் சொல்லுகிற வகுப்பில் ஒரு நாள் பிள்ளைகளை அவரவர் பூர்வீக ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னோம். ஒருவன் கோவிலைப் பற்றி எழுதினான். ஒருத்தி ஏரிக்கரைப் புளியமரங்களைப் பற்றி எழுதினாள். ஒரு பையன் மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். "ஏனப்பா எழுதவில்லை?" என்று கேட்டோம். "எங்கள் தாத்தாவின் ஊர் சுரங்கத்துக்குள் இருக்கிறது, ஐயா. எதைப் பார்த்து எழுதுவது?" என்றான். அவன் வருத்தத்தோடு சொல்லவில்லை. வீட்டு விலாசத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னான். கேட்ட நமக்குத்தான் அன்று முழுவதும் பாடம் ஓடவில்லை.

நகரியத்துக்கும், சுரங்கங்களுக்கும், மின் நிலையங்களுக்கும் சேர்த்துப் பல்லாயிரம் ஏக்கர் நிலம் கிராமத்தாரிடமிருந்து வந்தது. கொடுத்தவர்களில் சிலருக்கு வேலை கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. பணமாகப் பெற்றவர்கள் அதைக் கல்யாணத்திலும் கடனிலும் கரைத்துவிட்டுக் கூலிக்குப் போனதும் உண்டு. மாற்று மனை பெற்றவர்கள் புதிய இடத்தில் மறுபடியும் கிணற்றிலிருந்தும் முருங்கைக் கன்றிலிருந்தும் வாழ்க்கையை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

பழைய புண் ஆறுமுன் புதிய புண்ணும் ஏற்பட்டது. 2023-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதி, சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், கதிர் வாங்கும் பருவத்தில் நின்ற நெல்வயல்களின் நடுவே மண்வாரி யந்திரங்கள் இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிடுவதற்கான வாய்க்கால் வெட்ட வேண்டும், நிலத்தை எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே கிரயம் கொடுத்து எடுத்தாகிவிட்டது என்றது கார்ப்பொரேஷன். எடுத்த நிலத்தை அத்தனை காலம் சும்மா விட்டுவிட்டு, விதைத்து வளர்த்த பிறகு பயிரை அழிப்பதா என்றார்கள் விவசாயிகள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப்படி நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ஒரு விடை இருக்கலாம். பச்சைப் பயிரின்மேல் இரும்புச் சக்கரம் ஏறிய காட்சியைப் பார்த்த தமிழ் மக்களின் நெஞ்சு கேட்ட கேள்வி அதுவல்ல.

சட்டத்திலும் ஓர் ஓட்டை

1894-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை நீக்கிவிட்டு, 2013-இல் நம் பார்லிமெண்டு புதிய நில எடுப்புச் சட்டம் இயற்றியது. நிலம் எடுக்குமுன் அந்த ஊர் ஜனங்களின் வாழ்க்கையில் என்ன பாதிப்பு உண்டாகும் என்று விசாரணை செய்ய வேண்டும் என்பது அதன் முக்கியமான அம்சம். ஆனால் தமிழ்நாட்டில் தொழிலுக்காகவும், நெடுஞ்சாலைக்காகவும், ஆதி திராவிடர் நலத்துக்காகவும் நிலம் எடுக்கும் மூன்று ராஜ்யச் சட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கத் திருத்தம் கொண்டுவந்தார்கள். நெய்வேலிக்காகப் பிற்காலத்தில் நிலம் எடுத்தது, அவற்றுள் ஒன்றான 1997-ஆம் வருஷத்துத் தொழில் நோக்கங்களுக்கான சட்டத்தின் கீழ்தான். உயர் நீதிமன்றம் 2019-இல் விலக்கைச் செல்லாதென்றது. சட்டசபை மறுபடியும் சட்டம் செய்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

ஆக, எடுக்கும்போது ஊரைக் கேட்பது கட்டாயமல்ல என்று ஆயிற்று. சரி, கரி எடுத்து முடிந்த பிறகாவது ஊரைக் கேட்கிறோமா? அங்கேதான் நம் கேள்வி ஆரம்பமாகிறது.

நிரம்பிய பள்ளம் காடாக வேண்டும் என்கிறார்கள் மரத்தையும் பறவையையும் நேசிக்கிறவர்கள். அவர்கள் சொல்வது நியாயம். நிலத்தடி நீர் இறங்கிவிட்ட பூமியில் மழையைப் பிடித்து வைக்க மரத்தைவிட நல்ல அணை இல்லை. அது விவசாயிகளுக்கே திரும்ப வேண்டும் என்கிறார்கள் உழுதவர்கள். அதுவும் நியாயம். வீட்டு மனை வேண்டும் என்கிறார்கள் மனை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அதுவும் நியாயம்தான். மூன்று நியாயங்கள் ஒரே துண்டு நிலத்தின்மேல் வந்து நிற்கும்போது, அவற்றை எடை போடுவதற்கு யார் கையில் தராசு இருக்கிறது? இன்றைய தேதியில் கார்ப்பொரேஷன் ஒன்றன் கையில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் முளைத்த விதை

நம் கோவில்களிலே தர்மகர்த்தா என்று ஒருவர் உண்டு. கோவில் நிலம் ஆயிரம் வேலியானாலும் அதில் ஒரு பிடி மண் அவருக்குச் சொந்தமில்லை. குத்தகை வசூலிப்பார், விளக்கு எரியச் செய்வார், கணக்கை ஊர் அறிய வைப்பார். காந்தியடிகள் செல்வர்களைப் பார்த்து, "நீங்கள் உங்கள் செல்வத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்ல, தர்மகர்த்தாக்கள்" என்று உபதேசித்ததன் உட்பொருளும் இதுவே.

அந்த உபதேசத்தை மண்ணின்மேல் பிரயோகித்துப் பார்த்தவர் ஆசாரிய வினோபா. 1951 ஏப்ரல் 18-இல் தெலுங்கானாவிலுள்ள போச்சம்பள்ளியில் நிலமற்ற ஹரிஜனங்கள் 80 ஏக்கர் கேட்டார்கள். அங்கிருந்த ஒரு நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதானம் அங்கே பிறந்தது. அடுத்த வருஷமே அது கிராமதானமாக வளர்ந்தது. ஊரார் தம் நிலவுரிமையைக் கிராம சபையிடம் ஒப்புவித்துவிடுவார்கள். உழுகிற உரிமை குடும்பத்துக்கு. விற்கிற உரிமை யாருக்கும் இல்லை. 1956-இல் வினோபா தமிழ்நாட்டில் நடந்து வந்தபோது ஊர் ஊராகக் கிராமதானப் பத்திரங்கள் எழுதப்பட்டன.

அந்த நடையில் அவரோடு நடந்தவர்கள் சங்கரலிங்கம் ஜகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 ஹரிஜனங்கள் குடிசைக்குள் எரிந்து சாம்பலானபோது அவர்கள் கீழத் தஞ்சைக்கே குடிபெயர்ந்தார்கள். 1981-இல் 'லாஃப்டி' என்ற உழுவோர் நில ஸ்தாபனத்தை நிறுவினார்கள். மிராசுதார்களிடம் பேசி நியாயமான விலைக்கு நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கராக, பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் இப்படிக் கைமாறிற்று. நிலத்தோடு நின்றுவிடவில்லை, கீற்றுக் குடிசை இருந்த இடத்தில் செங்கல் வீடு எழுப்புவதையும் தங்கள் வேலையாகவே கருதினார்கள்.

அதே ஜகந்நாதன்தான், 1990-களில் கடலோர வயல்களையெல்லாம் இறால் பண்ணைகள் விழுங்கி உப்புத் தண்ணீரைக் கிணறுகளில் ஏற்றியபோது, உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1996 டிசம்பர் 11-ஆம் தேதி கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாதென்று தீர்ப்பாயிற்று. ஏழைக்கு வீடு கட்டிய கையும், மண்ணைக் காக்க மனு எழுதிய கையும் ஒன்றே என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மண்ணைக் காப்பது ஒரு கட்சி, வீடு கட்டுவது எதிர்க்கட்சி என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேறு என்ன இருக்க முடியும்?

கடல் கடந்த கிராமதானம்

நம் நாட்டு விதை கடல் கடந்து போய் முளைத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் தென் பகுதியிலுள்ள ஜார்ஜியா ராஜ்யத்தில், ஓட்டுரிமைக்காகப் போராடிய நீக்ரோ மக்கள், போராட்டத்தில் சேர்ந்த குற்றத்துக்காகவே நிலச்சுவான்தார்களால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டார்கள். சொந்த நிலம் இருந்தால் அல்லவா தலை நிமிர முடியும்? சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங், ராபர்ட் ஸ்வான் முதலானோர் கூடி, நம் கிராமதானத்தையும் இஸ்ரேலியரின் பொதுநிலக் குத்தகை முறையையும் ஆராய்ந்தார்கள். 1969-இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற ஸ்தாபனத்தை அமைத்து, ஏறக்குறைய 5,700 ஏக்கர் வாங்கினார்கள். வறட்சி வந்தபோது சர்க்கார் கடன் உதவி வெள்ளையருக்குக் கிடைத்ததுபோல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1985-இல் நிலம் கடனில் போய்விட்டது. ஆனாலும் வழக்காடி, 2009-இல் நஷ்டஈடு பெற்று, மீண்டும் நிலம் வாங்கினார்கள். அவர்கள் போட்ட பாதையில் இன்று அமெரிக்காவில் இருநூற்றுக்கு மேற்பட்ட சமூக நில அறக்கட்டளைகள் இருக்கின்றன.

அந்த முறையின் சூட்சுமம் எளியது. நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதை அது ஒருபோதும் விற்காது. மேலே எழும் வீடு குடும்பத்துக்குச் சொந்தம். நிலத்துக்குப் பெரும்பாலும் 99 வருஷக் குத்தகை, வாரிசுகளுக்கும் உண்டு. வீட்டை விற்கலாம், கொள்ளை லாபத்துக்கு விற்கக் கூடாது. ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். பத்து லட்ச ரூபாய்க்கு வாங்கிய வீடு, பத்து வருஷத்தில் வெளிச் சந்தையில் இருபது லட்சம் பெறுமென்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கால் பங்குதான் விற்பவருக்கு என்று விதி இருந்தால், அவருக்குக் கிடைப்பது பன்னிரண்டரை லட்சம். அடுத்த ஏழைக் குடும்பமும் அதே பன்னிரண்டரை லட்சத்துக்கு வாங்கிவிடலாம். ஒரே வீடு தலைமுறை தலைமுறையாக ஏழைகளுக்கு எட்டும் விலையிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் வட கோடியிலுள்ள பர்லிங்டன் நகரசபை 1984-இல் பணம் கொடுத்து இப்படி ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது. 2008-இல் அது உலகப் பரிசும் பெற்றது.

நம் கருத்துக்கு இன்னொரு விதி மிக முக்கியம். இத்தகைய அறக்கட்டளைகளின் நிர்வாக சபையில் மூன்றில் ஒரு பங்கு அந்த நிலத்தில் குடியிருப்பவர்கள். ஒரு பங்கு அக்கம்பக்கத்து ஊரார். மற்றொரு பங்கு பொது நன்மையைக் கருதுகிற அறிஞர்களும் அதிகாரிகளும். வீடு வேண்டுமென்பவன் குரலும், மரம் வேண்டுமென்பவன் குரலும், வரவு செலவைப் பார்ப்பவன் குரலும் ஒரே மேஜையில் ஒலிக்கும். எவனும் ஒருவனே தராசைப் பிடிக்க முடியாது.

அண்டை வீட்டு அனுபவம்

இப்படி மேஜை போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெய்வேலியின் அண்டை ஊர்களே பாடம். புதுச்சேரிக்கு அருகே 1968 பிப்ரவரி 28-இல் தோன்றிய ஆரோவில்லில், மழை அரித்துப் பாளமாக வெடித்துக் கிடந்த செம்மண் மேட்டை ஐம்பது வருஷ உழைப்பில் காடாக்கினார்கள். அந்த நகரம் 50,000 பேர் வாழ்வதற்கென்று திட்டமிடப்பட்டது; குடியேறியவர்கள் சில ஆயிரம் பேர்தான். 1988-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதன் சொத்துக்கள் ஓர் அறநிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2021 டிசம்பரில், திட்டப்படியான வட்டச் சாலைக்காக மரங்களை வெட்ட யந்திரங்கள் வந்தபோது குடியிருந்தவர்களிலேயே ஒரு சாரார் குறுக்கே நின்றார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2025 மார்ச் 17-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. நீதிமன்றம் வழக்கைத் தீர்த்தது. வீட்டுக்குள் ஏற்பட்ட பிளவை எந்த நீதிமன்றம் தீர்க்கும்?

வடலூரில் நடந்தது இதைவிட நெஞ்சைத் தொடுவது. பார்வதிபுரத்தார் கொடுத்த நிலத்தில் சத்திய ஞான சபைக்கு எதிரே பெருவெளி இருக்கிறது. தைப்பூசத்தன்று லட்சக்கணக்கான ஜனங்கள் ஜோதி தரிசனத்துக்கு நிற்கும் இடம் அது. அங்கே வள்ளலாருக்குச் சர்வதேச மையம் ஒன்றைக் கட்டச் சர்க்கார் முற்பட்டது. 2024 பிப்ரவரியில் அஸ்திவாரம் இட்டார்கள். கட்டடம் கூடாதென்று யார் வந்து தடுத்தார்கள் தெரியுமா? பார்வதிபுரத்து ஜனங்களே வந்தார்கள்! "எங்கள் பாட்டனார் கொடுத்தது வெளியாக இருப்பதற்கு" என்பது அவர்கள் வாதம். பெருந்திரளான யாத்ரீகர்களுக்கு வசதி வேண்டாமா என்பது சர்க்காரின் வாதம். வழக்கு உயர் நீதிமன்றத்தின் படியேறியது. அந்த வழக்கின் நியாயத்தைத் தீர்ப்பது நம் வேலை அல்ல. ஆனால் ஒன்றை மட்டும் சொல்வோம்: கொடுத்து நூற்றைம்பத்தேழு வருஷம் கழித்தும் கொடுத்தவனுடைய ஊர் தன் கொடையின் நோக்கத்தை மறக்கவில்லை. மண்ணை வாங்கலாம், மண்ணின் ஞாபகத்தை வாங்க முடியாது.

செய்யத்தக்கது

நெய்வேலியில் என்ன செய்யலாம்? நம் யோசனைகளைப் பணிவுடன் சொல்கிறோம்.

முதலாவது, கணக்கு. எந்த ஊரிலிருந்து எந்த வருஷம் எத்தனை ஏக்கர் வந்தது. அதில் வெட்டியது எத்தனை, நிரப்பியது எத்தனை, மரம் நிற்பது எத்தனை, சும்மா கிடப்பது எத்தனை என்பதை வருஷந்தோறும் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் ஒட்ட வேண்டும். கணக்குக் காட்டாத தர்மகர்த்தாவை எந்த ஊரும் நம்பியதில்லை. வளையமாதேவியில் நிலம் யாரிடம் இருக்கிறது, எந்தப் போகத்துக்கு மேல் விதைக்கக் கூடாது என்பதை வருஷா வருஷம் ஊரறியச் சொல்லியிருந்தால், பயிர்மேல் யந்திரம் ஏற வேண்டிய அவசியமே நேர்ந்திருக்காது.

இரண்டாவது, இடம் அறிந்து செய்தல். நிரப்பிய மண் பல வருஷங்களுக்கு இறுகித் தாழ்ந்துகொண்டே இருக்கும். அவசரப்பட்டு அதன்மேல் வீடு கட்டினால் சுவர் வெடிக்கும். ஆகவே நிரப்பிய மண்ணில் முதலில் புல்லும், பயறும், பிறகு மரமும், மழைநீர்க் குளமும் வரட்டும். வீடு உறுதியான பூமியில் எழட்டும். உறுதியான பூமி எங்கே என்று தேட வேண்டியதில்லை. நகரியத்திலேயே தாழ்வான பழைய வீடுகளைக் கொண்ட விசாலமான வட்டங்கள் இருக்கின்றன. அங்கே நிழல் மரங்களை வெட்டாமல், பழைய வீடு இருந்த இடத்திலேயே இரண்டு மூன்று மாடிகளாக உயர்த்தினால், ஒரு கழனியையும் தொடாமல் எத்தனையோ குடும்பங்களைக் குடியேற்றலாம். காட்டுக்கும் வீட்டுக்கும் உண்டாகிற சண்டைகளில் பாதி, பொருத்தமற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பதால் வருகிற சண்டைதான்.

மூன்றாவது, அறக்கட்டளை. கரி எடுத்து முடிந்த நிலத்தையும், இனித் தேவைப்படாத நகரிய நிலத்தையும் ஏலம் போட்டு விற்காமல், ஒரு பொது அறக்கட்டளையிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் சபையில் நிலம் கொடுத்த ஊர்களின் பிரதிநிதிகளும், நகரியத்திலும் மந்தாரக்குப்பம் முதலிய அக்கம்பக்கத்து ஊர்களிலும் குடியிருப்போரும், சர்க்காரும் கார்ப்பொரேஷனும் நியமிக்கும் நிபுணர்களும் சம பங்கில் அமர வேண்டும். நிலம் கொடுத்த குடும்பத்தின் வாரிசுகளுக்கு மனைக் குத்தகையில் முதல் உரிமை. குத்தகைப் பத்திரம் பெண்கள் பெயரில். விற்பனை லாபத்துக்கு வரம்பு. காடாக வைத்த பகுதியை மாற்ற வேண்டுமானால் மூன்று பிரிவாரும் சம்மதிக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று சிலர் சிரிக்கலாம். சட்டத்தில் இடமுண்டா, பணம் எங்கே என்று கேட்கலாம். பூமிக்கடியில் பொங்குகிற தண்ணீரை இறைத்துவிட்டுக் கரி எடுப்பது நடக்கிற காரியமா என்றும் ஒரு காலத்தில் சிரித்தார்கள். தண்ணீரை அடக்கக் கற்றவர்களுக்கு ஒரு சபை அமைக்கவா தெரியாது?

கரி ஒரு நாள் தீரும். தீருமுன்பே தேசம் வேறு வகை மின்சாரத்துக்கு மாறிவிடவும் கூடும். முதல் மின் நிலையத்தின் நெருப்பு அணைந்துவிட்டதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. நெருப்பு அணைந்த பிறகு அடுப்பு மண் யாருக்கு என்ற கேள்வியை அப்போது எழுப்புவதைவிட, இப்போதே எழுப்பி விடை காண்பது விவேகம்.

நம் வகுப்பில் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தானே, அந்தப் பையனுக்கு ஒரு நாள் பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளையின் உபாத்தியாயரும் பூர்வீக ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்வார். "எங்கள் கொள்ளுப்பாட்டனார் ஊரில் கரி எடுத்தார்கள். எடுத்த பிறகு அந்தப் பள்ளத்தை மூடி மரம் வைத்தார்கள். மரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு வீடு இருக்கிறது" என்று மூன்று வரியாவது அந்தக் குழந்தை எழுத வேண்டும். அதற்கான பொறுப்பு இன்றைக்கு மண்ணை வைத்திருக்கிறவர்களுடையது. அவர்களைக் கணக்குக் கேட்க வேண்டிய பொறுப்பு நம் எல்லோருடையதும்.